வளவுக்குள் ஒரு சித்திரக் கொட்டில்



இந்தத் தொடரில் நூல்களைப் பற்றியும் அவற்றை எழுதியவர்களைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று நான் ஒரு கொட்டிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நீளம் 16 அடி, அகலம் 12 அடி. கிளிநொச்சி நகரிலிருந்து சற்று உட்புறமாக, என் தமக்கையாரின் வளவில், கிணற்றடிக்கும் பனைகளுக்கும் இடையே அது நிற்கிறது. அதற்குள் இருந்து அக்கா படம் கீறுகிறார். இதில் இலக்கியம் எங்கே வருகிறது என்று நேயர்கள் கேட்கலாம். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே அது வந்துவிட்டது.

நக்கீரரின் நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதி ஒன்று உண்டு. இரண்டு கோல்களை நட்டு, நண்பகலில் நிழல் எந்தப் பக்கமும் சாயாத வேளையைப் பார்த்து, நூலறிந்தவர்கள் கயிறு பிடித்துத் திசை குறிக்கிறார்கள். உரை எழுதிய நச்சினார்க்கினியர் இதற்கு நாளும் நாழிகையும் சொல்கிறார். சித்திரைத் திங்களின் நடுப்பத்து நாள்களில் ஒன்று, 15ஆம் நாழிகை. அதாவது சூரியன் உதித்து 6 மணித்தியாலம் கழிந்த உச்சிப்பொழுது.

வகுப்பில் இந்த இடம் வரும்போது, பண்டைத் தமிழரின் கட்டடக்கலை அறிவுக்கு இது சான்று என்று ஒரு வசனம் சொல்லிவிட்டுக் கடந்துபோவேன். பரீட்சைக்கு அது போதும். ஏன் சித்திரை என்று நான் கேட்டதில்லை, மாணவர்களும் கேட்டதில்லை. காரணம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5ஆம் திகதி தொடக்கம் 15ஆம் திகதி வரையான நாள்களில் சூரியன் இலங்கைக்கு நேராக உச்சம் கொடுக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிப்பதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். தெற்கிலிருந்து நாளுக்கு நாள் வடக்கே நகரும் சூரியன், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நம் வன்னிக்கு நேர் மேலே வருகிறது. மதுரை நமக்குச் சற்றே வடக்கே. அங்கே ஓரிரு நாள் பிந்தி வரும். நட்ட கோலின் நிழல் காலடியிலேயே மறையும் நாள்கள் அவை. உரையாசிரியர் ஏட்டை மட்டும் பார்த்து எழுதவில்லை, வானத்தையும் பார்த்திருக்கிறார் என்பதை ஒரு கொட்டில் கட்டப் புறப்பட்ட பிறகுதான் நான் அறிந்தேன்.

கொட்டில் ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அக்காவின் வீடு மீள்குடியேற்றத்தின்போது கிடைத்த 550 சதுர அடி வீடு. குறை சொல்லவில்லை. கூடாரத்திலிருந்து வந்தவர்களுக்கு அது மாளிகை. அதில் அக்காவும் மருமகனும், சேலைகளுக்கு வர்ணம் தீட்டும் வேலையும், படங்களும் இருந்தன. சேலை வேலைதான் சோறு போடுகிறது. படம் கீறுவது எதற்கு என்று அயலவர்கள் கேட்டால் அக்கா பதில் சொல்வதில்லை. விறாந்தையில் பாயை விரித்து வேலை தொடங்குவார். மாலை 4 மணிக்கு மருமகனிடம் படிக்க அயல் பிள்ளைகள் வருவார்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் சுருட்டி, தூரிகைகளைக் கழுவி, ஈரமான படத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட வேண்டும். அடுத்த நாள் அதை வெளியே எடுத்தால், "அது ஆரோ கீறின படம் மாதிரிக் கிடக்கும் தம்பி, திரும்பவும் அறிமுகமாகவேணும்" என்பார். வீட்டிலிருந்து வேலை செய்யும் கலைஞருக்கு இடப்பற்றாக்குறை என்றால் அடி அங்குலக் கணக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். முடியாத வேலையை முடியாத நிலையிலேயே விட்டு எழும்ப முடியாமை என்பது அப்போதுதான் உறைத்தது.

நம் பழைய இலக்கியமும் இதைப் பற்றிப் பேசவில்லை. பாண்டியன் ஒருவன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று பெயர் பெற்றான். திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தில் வந்தவர்கள் படங்களைக் காட்டி, இது யார், அது என்ன என்று ஒருவரையொருவர் கேட்பதைப் பரிபாடல் காட்டுகிறது. மதுரைக்காஞ்சியில் கண்ணுள் வினைஞர் என்ற பெயரில் ஓவியர்கள் தெருவில் வருகிறார்கள். முடிந்த ஓவியம் தொங்கும் இடத்துக்கு மாடமும் மண்டபமும் உண்டு. அதை வரைந்தவன் எங்கே உட்கார்ந்து வரைந்தான், மழை வந்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடினான் என்பதைப் பாடியவரை நான் காணவில்லை.

ஆங்கில இலக்கியத்தில் இதைப் பேசியவர் வேர்ஜீனியா வூல்ஃப். 1928இல் கேம்பிரிட்ஜில் பெண்கள் கல்லூரிகளில் ஆற்றிய உரைகளை விரித்து அடுத்த ஆண்டு நூலாக்கினார். எழுத விரும்பும் பெண்ணுக்குக் கொஞ்சம் சொந்தப் பணமும் பூட்டக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்பது அதன் சாரம். அவரே சசெக்ஸ் கிராமத்து வீட்டின் தோட்டத்தில் ஒரு மரக் கொட்டிலில் இருந்து எழுதியவர். பேர்னாட் ஷா இன்னொரு படி மேலே போனார். தோட்டத்துக் குடிலை ஓர் அச்சில் நிறுத்தி, சூரியன் போகும் பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டே எழுதினார். நமக்கு அப்படி ஒரு குடில் இருந்தால் வெயிலுக்கு முதுகு காட்டத்தான் திருப்புவோம்.

நான் இதையெல்லாம் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். வளவில் ஒரு மூலையில் சின்னதாய் ஓர் அறை கட்டுவோம், நான் கொஞ்சம் காசு தருகிறேன் என்றேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்:

"வேண்டாம் தம்பி. கட்டினது ஒவ்வொண்டையும் விட்டிட்டுத்தான் வந்தனான்."

அதற்கு மேல் நான் பேசவில்லை. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அக்கா தன் படங்களை ஒரு றங்குப் பெட்டிக்குள் வைத்து உழவு இயந்திரத்தில் ஏற்றினார். தருமபுரம், விசுவமடு என்று அந்தப் பெட்டியும் கூடவே போனது. கடற்கரைப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது பெட்டியும் இல்லை, அத்தானும் இல்லை. பிறகு செட்டிகுளம் முகாம். அங்கே பிஸ்கற் பெட்டி மட்டையில் கரியால் கீறியவை சில இன்னும் இருக்கின்றன. இதைச் சொல்வதற்கு அக்காவிடம் அனுமதி கேட்டேன். "சுருக்கமாச் சொல்லு" என்றார்.

சில மாதங்களின் பின் பேச்சு மறுபடி வந்தது. சேலைக்கு மெழுகு தீட்டுவதைப் பற்றிப் பேசும்போது பற்றிக் கலைஞர் ஈனா டி சில்வாவைப் பற்றிச் சொன்னேன். நம் நாட்டில் பற்றிக் கலைக்குப் புது மதிப்புத் தேடிக் கொடுத்தவர் அவர். 1960களின் தொடக்கத்தில் கொழும்பு அல்பிரட் பிளேசில் அவருக்காகக் கட்டடக் கலைஞர் ஜெஃப்றி பாவா ஒரு வீட்டை வடிவமைத்தார். நடுமுற்றம், அதைச் சுற்றி விறாந்தைகள், களிமண் ஓட்டுக் கூரை. நம்முடைய நாற்சார் வீட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். பின்னாளில் பேர்பெற்ற கட்டடங்களிலெல்லாம் தொங்கிய அவருடைய துணிவேலை அந்த வீட்டு வாழ்க்கையில்தான் வேர்விட்டது. 2009ஆம் ஆண்டை அடுத்து அந்தக் காணி வேறு தேவைக்குப் போனபோது, வீட்டை இடித்துவிடாமல் தூணும் கல்லும் கதவுமாகக் கழற்றி, இலக்கமிட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுனுகங்க தோட்டத்தில் மறுபடி பொருத்தினார்கள். ஈனா 2015இல் காலமானார். வீடு அங்கே நிற்கிறது.

அக்கா சிரித்தார். "அந்த வீடு இலக்கம் போட்டு இடம்பெயர்ந்திருக்கு. நாங்கள் இலக்கம் போடாமல் இடம்பெயர்ந்தனாங்கள்." சொல்லிவிட்டுச் சிறிது நேரம் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப கழட்டக்கூடிய மாதிரிக் கட்டலாமே?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதல்ல. அந்த நாள்களில் வன்னிச் சனங்கள் தகரத்தையும் கதவு நிலைகளையும் கழற்றி ஏற்றிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போனார்கள். போன இடத்தில் நான்கு கப்பு நட்டு அதே தகரத்தைப் போட்டார்கள். பாவாவின் ஆட்கள் பல மாதம் திட்டமிட்டுச் செய்ததை நம் ஆட்கள் ஓர் இரவில் செய்தார்கள், நேர்த்தியாக அல்ல என்றாலும். வளவுக்குள் தனிக் கொட்டில் என்பதும் புதிதல்ல. தலைவாசல் வேறு, அறைவீடு வேறு, குசினி வேறு என்று பிரித்துக் கட்டியவர்கள்தானே நம் பெரியவர்கள்.

இனிக் கட்டிய விதம். ஓவியர்களின் வேலையறைக்கு வடக்கு யன்னல் வேண்டும் என்பது ஐரோப்பிய மரபு. அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து போவதால் வடக்கிலிருந்து வரும் ஒளி நாள் முழுதும் மாறாமல் இருக்கும். அக்கா நீட்டிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றிலும் அப்படித்தான் இருந்தது. எங்கள் கல்லூரிக் கணித ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, இது நமக்குப் பாதிதான் பொருந்தும் என்றார். சித்திரை நடுவில் நம் தலைக்கு மேலே வரும் சூரியன் அதன் பின் நமக்கு வடக்கே போய், ஆவணி நடுப்பகுதி வரை அங்கேயே நிற்கிறது. ஜூன் 21இல் நண்பகலில் உச்சியிலிருந்து 14 பாகை வடக்கே. டிசம்பரில் 33 பாகை தெற்கே. ஆகவே வடக்கு யன்னல் வைக்கலாம், ஆனால் அதற்கு மேலே தாழ்வாரம் வேண்டும். ஜூன் நண்பகலில் 1 அடி தாழ்வாரம் 4 அடிச் சுவருக்கு நிழல் தரும். தெற்கே டிசம்பர் வெயிலில் அதே 1 அடி ஒன்றரை அடிக்குத்தான் காணும். அதனால் வடக்கே 3 அடியும் தெற்கே 4 அடியும் தாழ்வாரம் இறக்கினோம். ஜூன் மாதத்தில் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் பக்கவாட்டில் சரிந்து வரும் வெயிலுக்கு, யன்னலின் இருபுறமும் 3 அடி நீளத்தில் ஓலைத் தட்டியை வெளியே நீட்டி மறைத்தோம்.

திசை குறிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். சித்திரையில் ஒரு நாள் கோல் நட்டு, முற்பகலில் நிழலின் நுனியைக் குறித்து, பிற்பகலில் அதே நீளத்துக்கு நிழல் வரும்போது மறுபடி குறித்து, இரண்டையும் கயிற்றால் இணைத்தேன். அது கிழக்கு மேற்கு. மருமகன் ஒன்றும் பேசாமல் கைத்தொலைபேசியில் திசைகாட்டியை எடுத்துக் கயிற்றின் மேல் வைத்தான். ஒத்துவந்தது. நக்கீரர் தப்பினார்.

ஆனால் நான் தப்பவில்லை. வடக்கே 10 அடி அகலத்துக்கு, 4 அடி உயரத்துக்குத் திறந்த வெளி என்றதும் மேசன் வேலை செய்ய வந்த பெரியவர் கேட்டார்: "எல்லாம் சரி மாஸ்ரர், மாரியிலை வாடை அடிச்சா என்ன செய்வியள்?"

நேயர்களே, வாடை என்றால் வடக்கேயிருந்து வரும் காற்று. நெடுநல்வாடை என்ற பாட்டின் பெயரே அதுதான். கோடையில் தென்றலுக்குத் திறந்த சாளரங்களை வாடைக்காலத்தில் தாழிட்டு வைத்திருப்பதை அதே பாட்டு சொல்கிறது. 20 ஆண்டுகளாக அதைச் சொல்லிக் கொடுக்கிறவன், திசை குறிக்கும் வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டின் பெயரை மறந்துவிட்டேன். ஐப்பசி தொடங்கித் தை வரை நமக்கு மழை வருவதே அந்தப் பக்கத்தால்தானே. மேசனார் சொன்னபடி, யன்னலுக்கு மேலே கீல் வைத்த ஓலைத் தட்டிகள் மூன்று போட்டோம். வெயில் நாளில் தடி கொடுத்துத் தூக்கிவிடலாம். மழை சரிந்தால் தடியை எடுத்தால் போதும். ஊர்க் கடைகளில் முன்பு இருந்த அதே தட்டிதான்.

மேற்குப் பக்கத்தில் ஓட்டையே வைக்கவில்லை. பிற்பகல் வெயிலும், ஆனி ஆடியில் கச்சான் வாரிக்கொண்டு வரும் புழுதியும் ஈர வர்ணத்துக்குச் சத்துரு. கதவு கிழக்கே. அதில் அக்கா ஒரு நிபந்தனை வைத்தார். குசினியைப் பார்த்துக் கதவு வைக்கக்கூடாது. "குசினி கண்ணிலை பட்டா நான் எழும்பிப் போடுவன்." வூல்ஃப் கேட்ட பூட்டைவிட இது நம் பெண்களுக்குப் பொருத்தமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றியது.

கூரைக்கு நான் ஓடு என்றேன். அக்கா தகரம் என்றார், கழற்றிக் கொண்டுபோகலாம் என்பதால். ஆனால் தகரத்தில் வெக்கை இறங்கும். மழை விழுந்தாலோ சத்தம். அந்தச் சத்தம் அக்காவுக்கு ஆகாது, ஏன் என்று நான் விளக்கப் போவதில்லை. தகரத்தின் மேல் பனையோலை வேய்ந்தோம். வெக்கையும் அடங்கியது, சத்தமும் அடங்கியது. ஓலையை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கப்புகள் காற்றில் விழுந்த வைரம் பாய்ந்த பனைகள். ஆணி அடிக்கவில்லை, துளையிட்டுப் புரியாணி போட்டு முடுக்கியிருக்கிறோம். ஒரு சாவி இருந்தால் இரண்டு பேர் அரை நாளில் கழற்றலாம். மருமகன் ஒவ்வொரு கப்பிலும் வெள்ளை வர்ணத்தால் இலக்கம் எழுதினான். கழற்ற முடியாதது நிலம் மட்டும்தான். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி வெள்ளம் வந்தபோது கிணற்றுக் கட்டில் தண்ணீர் நின்ற அடையாளம் இன்னும் தெரிகிறது. அதற்கு மேலே நிலம் உயர்த்தி, கிறவல் போட்டு இறுக்கி, சீமெந்து பூசினோம். படங்களை வைக்கும் தட்டின் கால்கள் பால்ரின்களுக்குள் நிற்கின்றன, ரின்னுக்குள் கழிவு எண்ணெய். வன்னியில் காகிதம் வைத்திருக்கிறவர்களுக்குக் கறையானைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

புத்தகத்தில் இல்லாத ஒன்றை அக்காவே கண்டுபிடித்தார். புது இடத்தில் கீறிய முதல் படத்தின் வெள்ளையெல்லாம், வெளியே எடுத்துப் பார்த்தபோது நீலம் பாய்ந்திருந்தது. காரணம் முற்றம். யன்னலுக்கு வெளியே இருந்த செம்மண்ணில் பட்ட வெளிச்சம் உள்ளே சிவந்து வந்து படத்தில் விழ, அதைச் சரிக்கட்ட அவர் கை தன்னையறியாமல் நீலத்தைக் கூட்டியிருக்கிறது. நான்கு மூடை வெண்மணல் கொண்டுவந்து யன்னலடியில் பரப்பினோம். இப்போது வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது.

ஒரு நண்பர் கேட்டார், சேலைக்கு வர்ணம் தீட்டி வந்த காசில் படம் கீறக் கொட்டில் கட்டுவது ஆடம்பரம் இல்லையா என்று. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சோழமண்டலம் என்ற கிராமத்தை உருவாக்கியபோது, நிலம் வாங்கும் பணத்தைப் பற்றிக் போன்ற கைவேலைகளை விற்றே சேர்த்தார்கள். கைவேலை வயிற்றுக்கு, கடற்கரை மணலில் தாங்களே எழுப்பிய குடில்கள் ஓவியத்துக்கு. அக்காவுக்குத் துணையாக அப்படி ஒரு கூட்டம் இல்லை. கணக்கு மட்டும் அதேதான்.

கொட்டில் ஆவணியில் முடிந்தது. அதன் பின்னும் பல நாள் அக்கா மாலையானதும் படத்தைச் சுருட்டி, தூரிகைகளைக் கழுவி, எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுத்துச் சென்று கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் இருந்தார். இதற்கா இவ்வளவு பாடுபட்டோம் என்று எனக்குள் ஓர் எரிச்சல். வாய் திறக்கவில்லை.

புரட்டாசிச் சனி ஒன்றில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வரும் வழியில் அங்கே போனேன். இருட்டிவிட்டது. குசினியில் அக்கா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். கொட்டில் கதவு சாத்தியிருந்தது. கைவிளக்கை அடித்து உள்ளே பார்த்தேன். தாங்கியின் மேல் பாதி கீறிய படம் ஒன்று நின்றது. வர்ணம் ஈரத்தில் மினுங்கியது. தூரிகைகள் ரின்னுக்குள் அப்படியே கிடந்தன.

"அக்கா, படத்தை உள்ளுக்கை எடுத்து வைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

நீத்துப்பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தபடியே, "காயட்டும்" என்றார்.